சர்க்கரை துள்ளிய வகுப்பு

கிர்ர்ர்ர்...

மூன்றாவது முறையாகச் சுவர் அதிர்ந்தது. ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மேஜை மேல் ஒரு கிண்ணம். அதன் வாயில் இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் தாள். அதன் மேல் ஒரு சிட்டிகை சர்க்கரை. 'இதுதான் செவிப்பறை' என்று அவள் வாய் திறக்கும்போதெல்லாம் இந்த இரைச்சல்...

வெளியே பாய்ந்தாள். வராந்தாவில் ஏணி மேல் எலக்ட்ரீஷியன் ஒருவன் பள்ளிக்குப் புது மணி பொருத்திக்கொண்டிருந்தான்.

"ஹலோ! எத்தனை தடவை கூப்பிடுறது? காது கேக்காதா உங்களுக்கு?"

அவன் எதேச்சையாகத் திரும்பினான். அவள் வாயசைவதைப் பார்த்ததும், சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து இடது காதில் மாட்டினான்.

"இத மாட்டினாதான் கேக்கும் டீச்சர். டிரில்லிங் பண்றப்ப கழட்டி வச்சிருவேன். இப்ப திட்டுங்க."

சிரிக்கும் கண்கள்... அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மிஸ்! சர்க்கரை குதிச்சுது மிஸ்!" உள்ளேயிருந்து ஒரே கூச்சல்.

அவன் எட்டிப் பார்த்தான். "இன்னொரு தடவை போடட்டுமா?"

கிர்ர்ர்... சர்க்கரை துள்ளியது. வகுப்பே கைதட்டியது. கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி மட்டும் பென்சில் டப்பாவை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். அதற்குள்தான் அவளுடைய காது மெஷினும் இருந்தது.

இடைவேளையில் டீச்சர் அவனிடம் ஓடினாள். "நாளைக்கு வகுப்புக்கு வரீங்களா? அந்தப் பொண்ணு தன் மெஷின ஒளிச்சு வச்சிருக்கா. நீங்க பேசினா..."

அவன் முகம் இறுகியது. "என்னைக் காட்சிக்கு வைக்கப் போறீங்களா? பாவம்னு பாத்தவங்க நிறையப் பேர். வேணாம் டீச்சர்."

"பாவமா? உங்க திமிரப் பாத்தா யாருக்குங்க பாவம்னு தோணும்?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். இனி வரவே மாட்டான்...

மறுநாள் நல்ல மழை. தலை சொட்டச் சொட்ட வாசலில் நின்றான். டீச்சரைப் பார்க்கவில்லை, நேரே பிள்ளைகள் நடுவே தரையில் உட்கார்ந்தான்.

"சத்தம் வந்து செவிப்பறையத் தட்டும். மூணு குட்டி எலும்பு அத உள்ள தள்ளும். உள்ள நத்தைக்கூடு மாதிரி ஒண்ணு. அதுக்குள்ள பொடிப் பொடியா மயிரிழை. என்னோடதுல பாதி வேல செய்யல. அதான் இந்த மெஷின் சத்தத்தப் பெருசாக்கிக் குடுக்குது."

உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். பென்சில் டப்பா திறந்தது.

"எங்கிட்டயும் இருக்கு!" பரிசு வாங்கியவள் போல் அந்தச் சிறுமி எழுந்து நின்றாள்.

டீச்சருக்கு நெஞ்சு விம்மியது. இருவரையும் பார்த்துத்தான்.

பள்ளி விட்ட பிறகு வராந்தாவில் இருவர் மட்டும். மழை கூரையைப் பிளந்துகொண்டிருந்தது.

"ஏன் வந்தீங்க?"

"எல்லாரும் எங்கிட்ட பாத்துப் பாத்துதான் பேசுவாங்க. திமிர்னு சொன்னது நீங்க ஒருத்திதான். நல்லா இருந்துச்சு."

அவள் தலை குனிந்து ஏதோ சொன்னாள். அவன் தயங்கினான்...

"டீச்சர்... மழை இரைச்சல்ல கேக்கல. மெஷின் போட்டும் கேக்கலன்னு யார்கிட்டயும் ஒத்துக்கிட்டதில்ல. சும்மா தலையாட்டிட்டுப் போயிருவேன். ஆனா நீங்க சொன்னத விட மனசில்ல... இன்னொரு தடவை..."

அவள் அவனுடைய இடப்பக்கம் வந்து நின்றாள். கன்னம் சிவந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை.

"எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்க பக்கத்துல நிக்கறதே பெருமையா இருக்கு."

அவன் கண்கள் நிறைந்தன.

"கேட்டுச்சு," என்றான். "எனக்கும்தான் டீச்சர்..."