ராஜாத்தி உட்கார்ந்த இடம்

வடிவு டெல்லி மோதி பாக் வீட்டுக்கு முதன்முதலாக வந்த காலையில், பனிமூட்டத்தில் எதிர்வீடுகூடத் தெரியவில்லை. ஆட்டோக்காரர் ஒரே சந்துக்குள் மூன்று முறை சுற்றிவிட்டு, இறங்கிப் போய்ச் சுவரிலிருந்த எண்ணைத் துடைத்துப் பார்த்த பிறகுதான் வண்டியை நிறுத்தினார். கீழ்த்தளத்தில் இரண்டு அறை, ஒரு சமையலறை. பழைய அரசாங்கக் குவார்ட்டர்ஸ். ஈரத்தில் ஊறிய சுண்ணாம்பு, தொட்டால் விரலோடு வந்தது.

அவள் கணவர் பாலசுப்ரமணியம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. பன்னிரண்டு வருடமாக டெல்லிவாசி. முதல் மனைவி ராஜாத்தி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெண் பார்க்க வந்தபோதே அதைச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. வீட்டில் அவள் படம்கூட இல்லை. வடிவுக்கு அது நிம்மதியாகவே இருந்தது.

முன்னறை மூலையில் ஒரு பழைய போர்வை எதையோ மூடிக் கிடந்தது. வடிவு தூக்கிப் பார்த்தாள். எலக்ட்ரிக் கிட்டாரும், அதற்கான ஆம்ப்ளிஃபயர் பெட்டியும்.

"நீங்க வாசிப்பியளா?"

"வாசிச்சிட்டிருந்தேன். விட்டாச்சு."

வடிவு விடவில்லை. புது மனைவி ஆசைப்பட்டுக் கேட்டால் எத்தனை நாள்தான் மறுப்பது? பொங்கல் கழிந்த வாரத்தில் அவர் போர்வையை எடுத்தார். விரல்கள் முதலில் தடுமாறின. பிறகு பழைய லாகவம் வந்துவிட்டது. கரோல் பாகில் ஒரு மெல்லிசைக் குழுவுக்குக் கிட்டார் ஆள் வேண்டும், கேஸட்டில் நாலு பாட்டு வாசித்துக் கொடுத்தால் போதும் என்று அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். குவைத்திலிருந்து வந்த பாலசுப்ரமணியத்தின் தம்பி கொடுத்த டேப் ரிக்கார்டர் பெட்டியிலேயே பிரிக்காமல் இருந்தது. கூடவே ஒரு மைக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் முதல் பதிவு. அறை அதிர வாசித்தார். திருப்பிப் போட்டுக் கேட்டால், அடுத்த தெருவில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பதுபோல் இருந்தது.

"மைக் சரியில்ல போலிருக்கு," என்றார்.

"நான் பாக்கேன், தள்ளுங்க."

"ஒனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"எங்கப்பா கடையில மைக்குக்கெல்லாம் ஈயம் வச்சது யாருன்னு நெனச்சிய?"

சங்கரன்கோவிலில் மூக்கன் சவுண்ட் சர்வீஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆடித்தபசுக்கு ஊர் முழுக்கக் குழாய் கட்டுகிற கடை. மூக்கனின் ஒரே மகள் வடிவு.

ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வயரை மாற்றினாள். பிளக்கைப் பிரித்து விட்டுப்போன ஈயத்தைத் தேடினாள். விட்டுப்போகவில்லை. மைக்கை அதற்குரிய துளையில்தான் செருகியிருந்தார்கள். பதிவு அளவுக் குமிழைப் பாதிக்கு மேல் திருப்பினாள். மைக்கை வாயருகே வைத்து, "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்றாள். ரிக்கார்டரில் ஒலியளவு காட்டும் முள் துள்ளிச் சிவப்பைத் தொட்டது. டிரான்ஸிஸ்டரை மைக்குக்கு முன்னால் பாட விட்டாள். அப்போதும் முள் துள்ளியது.

கிட்டார் பெட்டிக்கு முன்னால் வைத்தால் மட்டும் முள் படுத்துக்கொண்டது.

மூன்றடி, ஒரு முழம், ஒரு சாண் என்று மைக்கை நகர்த்திப் பார்த்தாள். பலனில்லை. கடைசியில் மைக்கை எடுத்துவிட்டு, "வாசிங்க," என்று சொல்லித் தன் காதையே அங்கே கொண்டுபோனாள்.

நின்றபோது கணீரென்று கேட்டது. மண்டியிட்டுப் பெட்டிக்கு நேரே தலையைக் கொடுத்ததும் அமுங்கிப் போனது. திருவிழாக் கூட்டத்தில் ஸ்பீக்கருக்கு முன்னால் யாராவது வந்து நின்றால் சத்தம் இப்படித்தான் அடங்கும்.

வடிவு கையை நீட்டினாள்.

வெளியே உடம்பு நடுங்கும் ஜனவரிக் குளிர். அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்துபோன பாய்போல. தரையிலிருந்து மார்பு உயரம் வரை அந்தச் சூடு. ஒரு பெண் உட்கார்ந்தால் அடைத்துக்கொள்ளும் அகலம்.

அதில் லேசாகக் கிராம்பு வாசனை.

அவள் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மாடி வீட்டு விஜயலக்ஷ்மி மாமியிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். மாமி கும்பகோணத்துக்காரர், இருபது வருடமாக அதே மாடியில் இருப்பவர்.

"ராஜாத்தியா? என்னமாப் பாடுவா தெரியுமோ! அவர் வாசிப்பார், இவ பாடுவா. ஞாயித்துக்கெழமைன்னா நாங்கள்லாம் படியிலே வந்து உக்காந்துடுவோம். அப்புறம் தொண்டையிலே புத்துன்னுட்டா. கடைசி ஆறு மாசம் சத்தமே வரலை. வாயிலே கிராம்பை அடக்கிண்டு, அந்தப் பொட்டி முன்னாடியே உக்காந்துண்டு, அவர் வாசிக்கறதைக் கேட்டுண்டிருப்பா." மாமி சட்டென்று நிறுத்திக்கொண்டார். "ச்சோடோ, விடு. இதெல்லாம் ஒங்கிட்ட எதுக்குச் சொல்றேன்?"

வடிவுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. தன்னை உட்கார வைத்து அவர் வாசித்தபோது, அவர் கண் அடிக்கடி பெட்டிக்கு முன்னால் வெறும் தரைக்குப் போனது இப்போது நினைவுக்கு வந்தது. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே மனுஷன்.

அடுத்த ஞாயிறு அவள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய்ப் புழுங்கலரிசியும் கறிவேப்பிலையும் வாங்கித் திரும்பியபோது, அவர் வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் மலர்ச்சி.

"சரியாப் போச்சு வடிவு! முள்ளு செவப்பு வரைக்கும் போவுது. வந்து கேளு."

கேட்டாள். கிட்டார் கணீரென்று பதிந்திருந்தது. இரண்டு பாட்டுக்கு நடுவில் ஓர் இடைவெளி. அதில், மைக்குக்கு மிக அருகில், ஒரு பெண் தொண்டையைச் செருமினாள்.

வடிவு அவரைப் பார்த்தாள். "யாரு வந்திருந்தா?"

"யாரும் வரல."

பொய்யில்லை என்று தெரிந்தது. ஆனால் அந்தச் செருமலை அவரும் கேட்டிருந்தார். அவர் கண்ணில் துளிப் பயம் இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

அதற்கடுத்த ஞாயிறு அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீ கொஞ்ச நேரம் மாமி வீட்டுக்குப் போயிட்டு வாரியா? நான் வாசிச்சி முடிச்சிருதேன்."

தாலி கட்டிக்கொண்டு வந்த வீட்டிலிருந்து தன்னை வெளியே போகச் சொல்கிறார். யாருக்காக?

"நான் எங்கயும் போல," என்றாள். நேரே போய்ப் பெட்டிக்கு முன்னால், அந்த வெதுவெதுப்புக்குள், சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"அங்க வேண்டாம் வடிவு."

"ஏன்?"

அவர் குனிந்து கிட்டார் வயரைச் சரிசெய்தார்.

"வாசிங்க. பொண்டாட்டி கேக்கக் கூடாதா?"

ரிக்கார்டர் சுழன்றது. அவர் விரல் கம்பியைத் தொட்டது.

சத்தமே இல்லை.

விரல்கள் ஓடுவது தெரிந்தது. பெட்டியின் முன்துணி அதிர்வது தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே சைக்கிளில் ஒரு காய்கறிக்காரன் வாயைத் திறந்து கூவிக்கொண்டு போனான். எதுவும் கேட்கவில்லை. பனி காதுக்குள்ளும் இறங்கிவிட்டதுபோல் இருந்தது.

மடியில் மெல்ல ஒரு பாரம் ஏறியது.

இடது கன்னத்தில் மூச்சு. கிராம்பு வாசனை.

"தள்ளி இரு."

தேய்ந்துபோன ரகசியக் குரல். உலகத்தில் அவளுக்குக் கேட்டது அது ஒன்றுதான்.

உடம்பு முழுக்க மயிர் சிலிர்த்தது. ஆனாலும் வடிவு அசையவில்லை. "மாட்டேன்," என்றாள். தன் உதடு அசைவது தெரிந்தது. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. அப்போது ரிக்கார்டரின் முள் துள்ளி எழுந்து, சிவப்பின் கோடியில் போய் நின்றது.

அன்று பதிந்த கேஸட்டில் கிட்டாரோடு ஒரு பெண் குரல் பாடிக்கொண்டிருந்தது. சொல் எதுவும் இல்லை, வெறும் ராகம். நோயில்லாத, இளமையான, அறையையே நிறைக்கும் குரல். பாலசுப்ரமணியம் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அவ பாடினத நான் ஒரு தடவகூடப் பதிஞ்சு வைக்கல, வடிவு. அப்ப இந்த மெஷின் இல்ல."

கரோல் பாகுக்குக் கேஸட் போகவே இல்லை. அலுவலகத்திலிருந்து வந்தால் கோட்டைக்கூடக் கழற்றாமல் ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவள் காப்பியை வைப்பாள். ஆறிப்போகும். எடுத்துக்கொண்டு போவாள். பக்கத்தில் படுத்திருப்பவரின் விரல்கள் ரஜாய்ப் போர்வைக்குள் தாளம் போடும். திங்கள் முதல் புதன் வரை அவர் ஒரு முறைகூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை அவர் ஆபீஸ் போனதும், வடிவு கதவைத் தாழிட்டாள். அந்தக் கேஸட்டை முதலிலிருந்து ஓட்டி வைத்தாள். பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"நான் வடிவு பேசுதேன். இந்த வீட்டுக்காரி. கேக்கா? நாந்தான் இந்த வீட்டுக்காரி."

அரை மணி நேரம் பேசினாள். கல்யாணப் புடவையின் நிறத்தைச் சொன்னாள். ரயிலில் இரண்டு நாள் அவர் தோளில் சாய்ந்து வந்ததைச் சொன்னாள். சொல்ல ஒன்றும் இல்லாதபோது தன் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னாள். முள் சிவப்பிலேயே நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டது.

சாயங்காலம் அவர் வந்து கேஸட்டை ஓட்டினார். அவள் குரல் வந்தது. அவர் திட்டவில்லை. நாடா தீரும்வரை முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து, பெட்டியின் மேல் பழைய போர்வையை இழுத்து மூடினார்.

மறுநாள் காலை பால் பூத்தில் வடிவு டோக்கனை நீட்டி இரண்டு லிட்டர் என்றாள். உள்ளே இருந்தவன் காதில் கையை வைத்தான். "க்யா? ஜோர் சே போலோ, பெஹன்ஜி."

அன்று மாலை மாமியும் கேட்டார். "என்னடி இப்படி முணுமுணுக்கறே? ஒடம்பு சரியில்லையா?"

வடிவுக்கோ தன் குரல் எப்போதும்போல் கணீரென்றுதான் கேட்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார். வாரத்துக்கு வாரம் எதிரில் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் குனிந்து, இன்னும் கொஞ்சம் காதை நீட்டி அவளைக் கேட்டார்கள்.

பாலசுப்ரமணியம் பயந்துபோனார். கிட்டாரையும் பெட்டியையும் வந்த விலைக்கு விற்றார். கேஸட்டை அங்கீட்டிக் கரியடுப்பில் போட்டு எரித்தார். எழுதிக் கொடுத்து, அலைந்து, ஏப்ரலில் ஆர்.கே. புரத்தில் வேறு குவார்ட்டர்ஸ் வாங்கினார். வெயில் நன்றாக விழும் மூன்றாவது மாடி. யாரும் செத்த வீடில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள். அவரும் அவளிடம் அன்பாகத்தான் இருந்தார். அவள் பேசும்போது உதட்டைப் பார்க்கப் பழகிக்கொண்டார். தன்னைத் தவிர யாரையும் அவர் நினைப்பதில்லை என்று வடிவு மெல்ல மெல்ல நம்பத் தொடங்கினாள்.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு, உச்சிவெயில். முன்னறையில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சோற்றை வடித்துவிட்டு வடிவு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க, சாப்பிட வாங்க."

நாலடி தூரம். முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவர் திரும்பவில்லை.

"என்னங்க."

பேப்பரின் ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "என்னங்க!"

அப்போது அவர் நிமிர்ந்தார். அவள் பக்கம் அல்ல. சாத்திக் கிடந்த படுக்கையறைக் கதவைப் பார்த்தார். வடிவு இதுவரை கண்டிராத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் பரவியது.

"இந்தா வாரேன். எதுக்கு இப்படிக் கத்துத? பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்கும்."

பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து படுக்கையறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. வடிவு ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கித் தட்டினாள்.

உள்ளே யாரோ தாழ்ப்பாள் போடும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.