செலவு யார் தலையில்?

"ஐயோ... மண்டை ஓடு!"

பொக்லைன்காரன் போட்ட அலறலில் கிரீஸ் நாட்டுத் தெஸ்ஸலோனிகியின் அந்தத் தெருவே திரும்பிப் பார்த்தது.

அஸ்திவாரக் குழிக்குள் மண்டை ஓடு. பக்கத்தில் விலா எலும்புகள்!

குழி தோண்டும் வேலையை உள் ஒப்பந்தத்தில் எடுத்திருந்த ஸ்ட்ராதோஸ், வந்த சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக் கொண்டான்.

மெயின் காண்ட்ராக்டர் பாண்டெலிஸ் மூச்சிரைக்க ஓடி வந்தான். பின்னாலேயே அவன் மனைவி எவாந்தியா, கையில் சாப்பாட்டு டப்பாவோடு.

அந்த டப்பா!

இருபது வருஷத்துக்கு முன் எவாந்தியா 'சரி' என்று மட்டும் சொல்லியிருந்தால், ஸ்ட்ராதோஸுக்கு வந்திருக்க வேண்டிய டப்பா. தினமும் அதைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு வயிறு எரிந்தது.

"மூடுடா குழியை!" பாண்டெலிஸ் பல்லைக் கடித்தான். "யாருக்கும் தெரிய வேணாம்."

"தொல்பொருள் இலாகாவுக்கு போன் பண்ணிட்டேனே!"

"அடப்பாவி..! மாசக் கணக்குல வேலை நிக்குமேடா!"

"நிக்கட்டும். போன வாரம் தண்ணி ஊறினப்ப என்ன சொன்னே? 'தண்ணி, பாறை வந்தா உன் செலவு. பழங்காலப் பொருள் வந்தாத்தான் என் செலவு. ஒப்பந்தத்தைப் படி'ன்னே. படிச்சேன்!"

"நான் தெருவுக்கு வந்துடுவேன்டா..."

"வா. தெரு நல்லா அகலமாத்தான் இருக்கு!"

எவாந்தியாவின் முகம் வெளுத்தது. ஸ்ட்ராதோஸ் அதை ரசித்தான்.

இலாகா அதிகாரி க்ளியோனிகி வந்து குழிக்குள் இறங்கினாள். ஒரு எலும்பை எடுத்தாள். மூக்கருகே கொண்டு போய்... முகர்ந்தாள்!

"ரெண்டாயிரம் வருஷம் இருக்குமா மேடம்?" ஸ்ட்ராதோஸ் ஆவலாகக் கேட்டான்.

"எலும்புக்கு வயசு இருபது. அதைக் கழுவின ஒயினுக்கு... ரெண்டு நாள்!"

ஸ்ட்ராதோஸ் மெல்லப் பின்வாங்கினான்.

"புதைச்சுச் சில வருஷம் கழிச்சு, கல்லறையிலேர்ந்து தோண்டி எடுத்த எலும்பை ஒயின்ல கழுவிப் பெட்டியில வைக்கிறது நம்ம வழக்கம். இது யார் வீட்டுப் பெட்டி மிஸ்டர்? பொக்லைன்காரர் சொல்றபடி, மண்டை ஓடு வெளியே வந்தது பத்தேகாலுக்கு. நீங்க போன் பண்ணினது பத்து மணிக்கு!"

"எங்க... பெரியப்பா மேடம்." ஸ்ட்ராதோஸ் தொப்பியைக் கழற்றினான். "பெட்டிச் சாவி என்கிட்டதான் இருந்தது. மறுபடி மண்ணுல போடறோமே... கழுவாமப் போட மனசு வரலை!"

பாண்டெலிஸ் துள்ளினான். "நின்ன வேலைக்கெல்லாம் இவன் தலையிலதான் செலவு! போய்க் கம்பி எண்ணுடா!"

க்ளியோனிகி எலும்பு கிடந்த இடத்தை இன்னும் ஒரு சாண் சுரண்டினாள். நீலம், சிவப்பு, வெள்ளை... பொடிக்கற்களால் இழைத்த மீன் ஒன்று எட்டிப் பார்த்தது.

"இது நிஜமாவே ரோமானியர் காலத்துத் தரை. வேலையை நிறுத்துங்க. வருஷக் கணக்காகும்!"

பாண்டெலிஸ் அப்படியே சேற்றில் உட்கார்ந்தான்.

இன்னும் ஒரே ஒரு சாண்! ஒழுங்காகத் தோண்டியிருந்தாலே ஸ்ட்ராதோஸ் ஜெயித்திருப்பான்.

வந்து நின்ற போலீஸ் ஜீப்பில் ஏறும்போது திரும்பிப் பார்த்தான். எல்லாம் போன பாண்டெலிஸின் பக்கத்தில், அதே சேற்றில், எவாந்தியா உட்கார்ந்திருந்தாள். டப்பாவைத் திறந்து புருஷனுக்கு ஊட்டிக் கொண்டிருந்தாள்!

ஸ்ட்ராதோஸுக்கு மறுபடி வயிறு எரிந்தது.

"கவலைப்படாதீங்க மிஸ்டர்." க்ளியோனிகி கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். "இலாகாவுல எனக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். இடத்தை இவ்வளவு கரெக்டாக் காட்டிக் கொடுத்தது உங்க பெரியப்பா ஒருத்தர்தான்!"