டீச்சரின் செடியும் அம்மாவின் விளக்கும்

மழைக்கு ஒதுங்கியவன் மாதிரிதான் உள்ளே வந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆனால் நெஞ்சோடு அணைத்திருந்த அட்டைப்பெட்டியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை!

"இந்த போர்டு, சென்சார் எல்லாம் நல்லாத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?"

பட்டறையில் இருந்த அத்தனை கைகளும் ஜன்னலோர மேஜையைக் காட்டின. அங்கே ஒரு பூந்தொட்டி, அதன் மண்ணில் குத்திய ஈர சென்சார், தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு... அதற்குப் பின்னால் நம் டீச்சர்.

பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள். மாலையானால் இந்தப் பொதுப் பட்டறைக்கு வந்துவிடுவாள். இங்கே நோண்டிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கும் அவள்தான் டீச்சர். மண் காய்ந்தால் விளக்கு மினுக்கும் கருவியைச் செய்து காட்டிய நாளிலிருந்து அம்மணிக்குத் தலைகால் புரியவில்லை. "ஒரு வரி புரோகிராம் கோடுகூட யார்கிட்டயும் கடன் வாங்கல" என்று வேறு சொல்லி வைத்திருந்தாள்.

பொய்! அந்தக் கோடு பட்டறையின் பொதுக் கம்ப்யூட்டரில் யாரோ போட்டு வைத்திருந்தது. அப்படியே எடுத்து, அங்கங்கே மாற்றி, உச்சியில் தன் பெயரைப் போட்டுக்கொண்டாள். எல்லாரும் செய்கிறதுதானே... என்று மனசுக்கு ஒரு சமாதானம்.

வந்தவன் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் வருகிறவனாம். மாலைக் கூட்டத்துக்குப் புதுமுகம். பெட்டியைத் திறந்து ஒரு சின்ன விளக்கை எடுத்து வைத்து, பிளக்கில் மாட்டினான்.

"எங்கம்மாவுக்குக் காது கேக்காதுங்க. வாசல்ல பெல் அடிச்சா ரூம்ல இது மினுக்கற மாதிரி செஞ்சு குடுத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப யாருமே இல்லாதப்பவும் மினுக்குது. பாவம், ஓடி ஓடிப் போய்க் கதவத் திறந்து பாக்கறாங்க..."

பேசும்போது முகத்துக்கு நேரே பார்த்தான். கண் அப்படி இப்படி விலகவில்லை. மழைத்துளி இன்னும் ஒட்டியிருந்த இமைகள்... ஐயோ, இப்படியா ஒரு மனுஷன் பார்ப்பான்! டீச்சருக்குப் படபடவென்று வந்தது. படபடப்பு வந்தால் அவளுக்கு வாய் நீளும். அதுதான் வினையாகப் போயிற்று.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"கண்ணாடிக் கடையில... கண் டெஸ்ட் பண்ணி..."

"அப்ப நல்ல கண்ணாடியா ஒண்ணு எடுத்து மாட்டிக்கிட்டு, உங்க கோடை இன்னொரு வாட்டி படிங்க சார். தப்புத் தப்பா எழுதிட்டு விளக்கு மேல பழி போட்டா எப்படி?"

பட்டறையே கொல்லென்று சிரித்தது. அவனும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. காது மடல் சிவந்துவிட்டது. "வயரையும் மாத்திப் பாருங்க" என்று போனால் போகிறதென்று ஒரு யோசனை சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டுப் பக்கத்து மேஜையில் போய், விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, லேப்டாப்பில் மூழ்கிவிட்டான்.

டீச்சர் தன் சென்சாரைத் துடைப்பதற்காக மண்ணிலிருந்து உருவினாள்.

அவனுடைய விளக்கு மினுக்கியது.

திரும்பக் குத்தினாள். நின்றுவிட்டது. உருவினாள்... மினுக்கியது. 

இந்த மாதிரி போர்டுகளுக்கு ஒரு சாவி உண்டு. எழுத்தும் எண்ணுமாக நீண்டு கிடக்கும். கோடில் யார் சாவி இருக்கிறதோ, இன்டர்நெட் வழியாக அவர் வீட்டுக்குத்தான் செய்தி போகும். எடுத்த கோடில் எல்லாவற்றையும் மாற்றியவள் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றவில்லை. பெயரை மாற்ற மறக்கவில்லை பாருங்கள்! இங்கே இவள் செடிக்குத் தாகம் எடுத்தபோதெல்லாம், அங்கே ஒரு அம்மா எழுந்து ஓடி யாருமில்லாத வாசலைப் பார்த்திருக்கிறாள். அங்கே பெல் அடித்தபோதெல்லாம் இங்கே விளக்கு மினுக்க, இவள் செடிக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி வேரை அழுக வைத்திருக்கிறாள்.

அப்படியென்றால் அந்தக் கோடை எழுதியவனே இவன்தான்... ஊர் சிரிக்க அவனிடம்தான் கண்ணாடி போட்டுப் படி என்றாள்.

இப்போதே சொல்லிவிடலாம். ஆனால் எல்லாரும் இருக்கிறார்களே! தொட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அன்றைக்கே புதுச்சாவி வாங்கிப் போட்டாள். தீர்ந்தது என்று நினைத்தாள்.

எங்கே தீர்ந்தது? அடுத்த வாரம் அவன் பல்லெல்லாம் தெரிய வந்து நின்றான்.

"டீச்சர், கையக் குடுங்க! நீங்க சொன்ன மாதிரியே வயரை மாத்தினேன், சரியாயிடுச்சு!"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் அதற்கப்புறம் மாலையிலும் வர ஆரம்பித்தான். டீக்கடை, பஸ் ஸ்டாப், ஒரே குடை... "உங்க கண்ணுல பவர் ஒண்ணும் இல்ல டீச்சர், சும்மாவே ஆளை எரிக்குது" என்பான். அவள் சிரிப்பாள். வீட்டுக்குப் போய் முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்க்க வெட்கமாக இருக்கும். அவன் பாராட்டிய ஒவ்வொரு வார்த்தையும் திருட்டுச் சொத்து...

ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை கொட்டியது. "எங்க வீடு இதோ இந்தத் தெருதான். அம்மாவும் உங்களைப் பாக்கணும்னு சொல்லிட்டே இருக்காங்க" என்று அழைத்துப் போனான். வீட்டுச் சாவி கையில் இருந்தும், "நீங்களே பெல் அடிங்க" என்றான்.

அழுத்தினாள். ஜன்னல் வழியே தெரிந்தது. உள்ளே விளக்கு மினுக்கியது. துணி தைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து அதைப் பார்த்தாள்... முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.

அவன் சிரிப்பு அப்படியே வடிந்துபோனது.

"சரியாயிடுச்சுன்னு எத்தனையோ வாட்டி சொல்லிட்டேன். நம்ப மாட்டேங்கறாங்க. போன வாரம் அக்கா வந்து, பெல் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டா. எம்பையன் செஞ்சதுன்னு தெருவெல்லாம் காட்டினவங்க... இப்ப கழட்டி எறிடாங்கறாங்க."

கதவைத் திறக்கச் சாவியை நீட்டினான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"திறக்காதீங்க... உங்க விளக்கு கெட்டுப் போகவே இல்ல. நான்தான்..." எல்லாவற்றையும் கொட்டினாள். கோடு, பெயர், சாவி, சொல்லாமல் ஓடியது. "முதல்ல மானம் போயிடுமேன்னு சொல்லல. அப்புறம்... உங்களைப் பிடிச்சுப் போச்சு. நீங்க போயிடுவீங்களேன்னு சொல்லல."

அவன் கையை விடுவித்துக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போனான். 'வா' என்றும் சொல்லவில்லை, 'போ' என்றும் சொல்லவில்லை. அவள் நிலைப்படியில் சொட்டச் சொட்ட நின்றாள்.

"யாருடா இந்தப் பொண்ணு? நீ சொன்ன டீச்சரா?" அம்மாவின் குரல் கணீரென்று கேட்டது.

ஓடிப்போக இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. டீச்சர் உள்ளே வந்தாள். தலை குனிந்தபடி நடந்ததைச் சொன்னாள்.

"நிமிந்து சொல்லும்மா. வாயப் பாத்தாத்தானே புரியும்!"

நிமிர்ந்து சொன்னாள். பாதிதான் புரிந்தது. மறுபடி சொல்லச் சொன்னாள் அம்மா. ஒவ்வொரு வார்த்தையாக, உதடு தெரிய, கண்ணீர் வழிய... தன் திருட்டைத் தானே மெதுவாக நிறுத்தி நிறுத்திச் சொல்கிற தண்டனை வேறு யாருக்குக் கிடைத்திருக்கிறது?

"அப்ப, இவன் விளக்கு பொய் சொல்லலயா?"

"இல்லம்மா... பொய் சொன்னது நான்."

அம்மா எழுந்து போய் மகனின் கன்னத்தைத் தடவினாள். "உன்னைப் போயாடா திட்டிக்கிட்டே இருந்தேன்" என்றாள். விளக்கைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அது போதும் என்று டீச்சர் வாசல் பக்கம் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் அவன் சத்தமில்லாமல் அம்மாவிடம் உதட்டை அசைத்து ஏதோ சொன்னது அவளுக்கு எப்படித் தெரியும்?

அம்மா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியிருக்கும்.

"அதை ஏன்டா எங்கிட்டச் சொல்ற? அவ போறா பாரு... அவகிட்டச் சொல்லு!"

டீச்சர் நின்றாள். அவன் காது மடலெல்லாம் சிவக்க எதிரே வந்து நின்றான்.

"கோவம்தான்... ரொம்பக் கோவம். ஆனா போகாதீங்க. உங்களை விட்டுட்டு என்னால இருக்க முடியாது."