சட்டை போட்ட பெட்டி

ஃப்ளோராவின் வீட்டில் சட்டை போடாத பொருளே கிடையாது. மேசைக்குச் சட்டை, தையல் மெஷினுக்குச் சட்டை, சுவர்க் கடிகாரத்துக்குக்கூட ஒரு குல்லா. எல்லாம் அவள் அம்மா சிலுவையம்மாள் குரோஷா ஊசியால் பின்னியவை. ராயபுரத்தில் வேறென்ன செய்வது? துறைமுகத்தில் கரி இறக்கினால் பாதித் தூள் அவர்கள் தெருவுக்குத்தான் வரும்.

அந்த வீட்டுக்குப் புதிதாக ஒரு தகரப் பெட்டி வந்தது. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு பேட்டரி வாங்கி அலுத்துப்போன அப்பா அம்புரோஸ், ரேடியோ ரிப்பேர் செய்யும் மஜீதிடம் சொல்லிச் செய்யவைத்த பெட்டி. வீட்டு மின்சாரத்தைக் குறைத்து, ஏறாமல் இறங்காமல் ஒன்பது வோல்ட்டாக ரேடியோவுக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. மாதா கோயில் பக்கம் புதிதாகக் கடை போட்டிருந்த மஜீது தன் கையால் செய்த முதல் பெட்டி அது.

"அண்ணன் வூட்ல நல்லா பாடுச்சுன்னா, தெருவே என்கிட்ட வரும்" என்று சொல்லித்தான் அவர் கொடுத்தார்.

பாடத்தான் செய்தது. சரியாக அரைமணி நேரம். அப்புறம் பாடகர் தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல் ஒரே கொரகொர.

மூன்று தடவை பெட்டி கடைக்குப் போனது. மூன்று தடவையும் அங்கே பரம சாதுவாக இருந்தது. மஜீது வோல்ட் அளக்கும் மீட்டரை மாட்டி நாள் முழுக்கப் பார்த்தார். முள் ஒன்பதை விட்டு அசையவே இல்லை. ஒரு தடவை பெட்டிக்குள் இருந்த டிரான்சிஸ்டர் என்ற சின்னப் பாகத்தைக்கூட மாற்றினார். வீட்டுக்கு வந்தால் மறுபடியும் கொரகொர.

அம்புரோஸுக்குப் பொறுமை போய்விட்டது. "ஞாயித்துக்கெழமை வந்து ஒரு மணி நேரம் பாட வச்சுக் காட்டு. இல்லாட்டி எடுத்துகினு போயிடு மஜீது" என்று கடைக்கே போய்ச் சொல்லிவிட்டார்.

கூடப் போயிருந்த ஃப்ளோராவுக்கு மஜீது மாமாவின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பெட்டி திரும்பி வந்துவிட்டால் வேறு யார் அவரிடம் வேலை கொடுப்பார்கள்?

அங்கே ஒழுங்காக இருப்பது இங்கே மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது? சனிக்கிழமை அவள் ரேடியோ முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கொரகொர தொடங்கியதும் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். அம்மாடி, இஸ்திரிப் பெட்டி தோற்றது.

அப்போதுதான் உறைத்தது. பெட்டியும் சட்டை போட்டிருந்தது. வெளியே ரோஜாப்பூப் பின்னல், உள்ளே தூசி புகாமல் தடித்த வெல்வெட். காற்றுக்காக மஜீது போட்டிருந்த துளைகள் எல்லாம் அதற்குள் மூச்சுமுட்டிக் கிடந்தன. கடைக்குப் போகும்போதெல்லாம், அழுக்காகிவிடும் என்று அம்மா அதைக் கழற்றி வைத்துவிடுவாள். மஜீது அந்தச் சட்டையைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

அம்மா கோயிலுக்குப் போன நேரம், ஃப்ளோரா சட்டையைக் கழற்றி, பெட்டி ஆறியதும் ரேடியோவைப் போட்டாள். ஒரு மணி நேரம் கணீரென்று பாடியது.

சந்தோஷத்தில் குதிக்கப் போனவள் நின்றாள். அம்மா நாலு நாள் உட்கார்ந்து பின்னிய சட்டை. நாளைக்கு எல்லார் முன்னாலும் உன்னால்தான் என்றால் அம்மா மனசு என்ன ஆகும்? அடுப்படியில் டீ கெட்டில் இருந்தது. டீ ஆறிப்போச்சு என்று அப்பா தினமும் முணுமுணுப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

அம்மா வந்ததும் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, பெட்டிக்குப் புழுங்குதும்மா. சூடு வெளியே போவ வழியில்ல. சட்டைய எடுத்துட்டா நல்லா பாடுது. இத சூடு வேணுங்கறவங்களுக்குப் போட்டா இன்னா?"

சொல்லிக்கொண்டே அதைக் கெட்டிலுக்கு மாட்டினாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. அம்மா பெட்டியைப் பார்த்தாள், கெட்டிலைப் பார்த்தாள், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மஜீது மீட்டரோடு தயங்கித் தயங்கி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே முந்திக்கொண்டாள்.

"உன் பெட்டி மேல தப்பே இல்ல மஜீது. நான்தான் அதுக்கு வெல்வெட்டு போத்தி அவிச்சுகினு இருந்தேன். எம் பொண்ணுதான் கண்டுபிடிச்சா."

மஜீது ஃப்ளோராவைப் பார்த்த பார்வையில் அவளுக்கு வெட்கமாகிவிட்டது. ரேடியோ ஒரு மணி நேரம் பாடியது. முள் ஒன்பதிலேயே நின்றது. அம்புரோஸ் கெட்டிலிலிருந்து டீ ஊற்றி ஒரு வாய் குடித்து, புருவத்தை உயர்த்தினார்.

"ஒரு மணி நேரம் ஆச்சு, இன்னும் சூடா கீதே" என்றவர் மஜீது பக்கம் திரும்பி, "நம்ம பக்கத்து வூட்டு பாஸ்கலும் ஒரு பெட்டி கேட்டான், செஞ்சு குடு" என்றார்.

மஜீதின் முகம் மலர்ந்தது. ஆனால் அம்மா அவருடைய மீட்டரையே சட்டைக்கு அளவெடுப்பதுபோல் உற்றுப் பார்ப்பதைக் கண்டதும், அதை எடுத்துச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார்.