ககரத்தின் வால்

"அப்ப இது உங்க தங்கச்சி எழுத்தேதான்?"

"எழுத்து அவளோடதுதாங்க. ஆனா அவ எழுதலைன்னு மனசு அடிச்சுக்குது."

துப்பறிவாளர் அந்த அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். எதிரே அக்காக்காரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். தங்கை காணாமல் போய் ஒரு மாதம். தங்கையின் கணவர் எழுத்துரு வடிவமைப்பவர். மனைவியின் கையெழுத்தைப் பார்த்து அவர் செய்த சாய்வெழுத்துதான் இப்போது கல்யாண அழைப்பிதழ்களிலும் காதல் வாழ்த்து அட்டைகளிலும் வளைந்து நெளிகிறது. நேற்று தபாலில் வந்த அட்டையிலும் அதே வளைவுகள்.

'அக்கா, கவலைப்படாதே. கொஞ்ச காலம் தனியாக இருக்கிறேன். என்னைத் தேடாதே.'

அதைப் படித்ததும் போலீஸார் தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

உதவியாளனுக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். இது அச்சே இல்லை என்று அவன் அடித்துச் சொன்னான். பேனா அழுத்திய தடம் பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. எழுத்துரு என்றால் எல்லாக் ககரமும் ஒன்றுபோல இருக்கும். இதில் அடுத்தடுத்த ககரங்கள்கூட ஒத்துப்போகவில்லை.

"ககரத்தோட வாலை மட்டும் வரிசையா சொல்லு."

"நீளம், சுருள், மொட்டை. நீளம், சுருள், மொட்டை. நீளம்..." அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது.

மூவரும் தங்கையின் கணவரைப் பார்க்கக் கிளம்பினார்கள். வழியில் அழைப்பிதழ்க் கடையில் அதே எழுத்துருவைப் பார்த்தார்கள். அங்கே எல்லாக் ககரத்துக்கும் ஒரே வால்.

கணவரின் வேலையறை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மேஜைமேல் ஓர் இயந்திரக் கை மைப்பேனாவைப் பிடித்தபடி நின்றது. பணக்கார வீட்டு அழைப்பிதழ்களுக்கு உறைமேல் விலாசம் எழுதுவதற்காம். அவர் அதை மெதுவாக, ஒரு குழந்தையைப் பற்றிப் பேசுவதுபோல் விளக்கினார்.

"மனுஷக் கை அலுப்புல மாறும், கோபத்துல மாறும்," என்றார் துப்பறிவாளர். "முறை வச்சு மாறாது. ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தா குட்டு வெளிப்பட்டுடும்னு நீங்க மூணு வால் வரைஞ்சீங்க. கணினி அதை முறை தவறாம எடுத்துக் கொடுக்க, இந்த இயந்திரம் பேனாவால அப்படியே எழுதிடுச்சு. கடைக்கு வித்ததுல ஒரு வால்தான் இருக்கு. மூணும் இருக்கறது உங்ககிட்ட மட்டும்தான்."

கணவரின் புன்னகை கொஞ்சமும் கலையவில்லை.

"அவளுக்குக் கைவலி. அவ சொல்லச் சொல்ல நான்தான் கணினியில ஏத்தினேன். எங்க இருக்கான்னு சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. நல்லாத்தான் இருக்கா, அக்கா."

அக்காக்காரி இயந்திரத்தின் பிடியிலிருந்து பேனாவை உருவினாள். ஒரு வெள்ளைத்தாளை அவர் பக்கம் தள்ளி, அதன்மேல் அதை வைத்தாள்.

"அப்ப இதை அவகிட்ட கொண்டுபோங்க, மாப்பிள்ளை. ஒரு வரி போதும். கோணல்மாணலா இருந்தாலும் பரவாயில்லை. அவ கையால எழுதி வாங்கிட்டு வாங்க."