சம்சுன்னிசாவின் வீடு

1908-ஆம் ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தினமும் இடியாப்பம் விற்க வரும் ஆமினா பீவி கூடை இல்லாமல் வந்து நின்றதும், சிங்கப்பூரில் குடியேறிகளைக் கவனித்த பாதுகாவலர் அலுவலகத்தார் ஏதோ துக்கம் என்று புரிந்துகொண்டார்கள். அந்தத் துக்கத்தில் தன் பசியும் கலந்திருந்ததைக் குமாஸ்தா மருதப்பன் மறைக்கவில்லை.

“எம் மவளைக் கூட்டிட்டுப் போறான் தம்பி,” என்றார் ஆமினா பீவி.

மகள் என்றால் வளர்ப்பு மகள். பதினொரு வருஷத்துக்கு முன், காணாமல்போன கணவனைத் தேடிச் சிங்கப்பூர் வந்த ஒருத்தி, காண்டாங் கெர்பா பகுதியில் ஆமினா பீவியின் வீட்டில் காய்ச்சலில் கிடந்து இறந்துபோனாள். அவள் விட்டுப்போன குழந்தை அஸ்மத்துக்கு இப்போது பதினான்கு வயது. நேற்று ஜலாலுதீன் என்பவர் வந்து, தான் பெண்ணுடைய வாப்பாவின் தம்பி, அவளைக் காயல்பட்டணத்துக்கு அழைத்துப்போக அனுமதி வேண்டும் என்று மனுக் கொடுத்திருந்தார். மாலை நான்கு மணிக்குக் கப்பல். பெண்பிள்ளைகளை விற்பவர்களைத் தடுக்கச் சட்டம் இருந்தது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு ரத்த உறவு தெரியும், சோறு போட்ட உறவு தெரியாது. ஆமினா பீவியிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

“பொண்ணு என்ன சொல்லுது?” என்று கேட்டார் மொழிபெயர்ப்பாளர் நெய்னா முகம்மது. பாதுகாவலரான வெள்ளைக்காரத் துரைக்கும் தமிழருக்கும் நடுவே இருபது வருஷமாக நின்று, பொய்களை இரண்டு மொழிகளிலும் கேட்டுப் பழகியவர்.

“போறேங்குது. துணியெல்லாம் கட்டி வச்சிருச்சு.”

சிக்கல் அங்கேதான் இருந்தது.

பதினொரு மணிக்கு ஜலாலுதீன் பெண்ணோடு வந்தார். கையில் ஒரு கூடை. மருதப்பன் அவருடைய தாடியையே உற்றுப் பார்த்தான். அது ஒட்டுத்தாடி என்பது அவன் துணிபு. போன மாதம் ஒரு சீனக் கிழவரின் தாடி விஷயத்தில் இதே துணிபால் திட்டு வாங்கியிருந்தான்.

“எங்க வீடு ரொம்பப் பெருசு,” என்று ஜலாலுதீன் பெண்ணைப் பார்த்தபடியே சொன்னார். “சம்சுன்னிசா மதினி கல்யாணமாகி எங்க வீட்டுக்கு வந்த வாரமே கிணத்தடியில ஒரு மாதுளை நட்டாங்க. இப்ப அது காய்க்குது. பறிக்க ஆளில்ல.”

அஸ்மத் அந்த மாதுளையை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணைப் பார்த்த மருதப்பனுக்கே ஊருக்குப் போகவேண்டும்போல் இருந்தது. அவன் பிறந்தது இதே சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையில்.

அந்தப் பெயரைக் கேட்டு ஆமினா பீவியின் முகம் வெளுத்துவிட்டது. நெய்னா முகம்மது அவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். மருதப்பனும் பின்னாலேயே போனான்.

“பேரு நெசந்தான் தம்பி. சம்சுன்னிசாதான். நான் அஸ்மத்துகிட்டகூடச் சொன்னதில்ல.”

“அப்ப சொந்தம்தான் லா,” என்றான் மருதப்பன் வருத்தத்தோடு.

“வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?” என்று கேட்டார் நெய்னா முகம்மது.

“யார்கிட்டயும் இல்ல. வருஷா வருஷம் தெலோக் ஆயர் தர்காவுல அவளுக்காக ஃபாத்திஹா ஓதச் சொல்லுவேன். அப்ப மட்டும் பேரும் ஊரும் சொல்லுவேன்.”

“ஓதுறவர் அதைச் சத்தமாச் சொல்லுவாரா?”

“நல்லாக் கேக்குற மாதிரிதான்.”

நெய்னா முகம்மது தலையசைத்தார். “மருதப்பா, அந்தாள் கூடையில என்ன இருக்கு, பாரு.”

மருதப்பன் துப்பாக்கியையாவது எதிர்பார்த்துப் போனான். தொங்கிய முகத்தோடு திரும்பினான். “ரெண்டு பொட்டலம் சோறு, நாலு வாழைப்பழம், ஒரு விசிறி. அவ்வளவுதான் பாய்.”

துரை வந்து அமர்ந்ததும் எல்லோரும் உள்ளே கூடினார்கள்.

“ஊருக்குப் போற கப்பல் நாகப்பட்டினம் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்?” என்று நெய்னா முகம்மது ஜலாலுதீனைக் கேட்டார்.

“ஏழெட்டு நாள்.”

“டெக்குல, திறந்த மேல்தளத்துல போறவங்க அரிசி, சட்டி, விறகுன்னு குடித்தனத்தையே தூக்கிட்டுப் போவாங்க. உங்ககிட்ட ஒரு வேளைச் சோறு இருக்கு. பக்கத்துல இருக்குற சுமத்ரா போறவங்கதான் இப்படிப் போவாங்க. அங்க தோட்டங்கள்ல பொண்ணுங்களை வாங்க ஆளும் உண்டு.”

“கப்பல்லயே வாங்கிச் சாப்பிடுவோம். அதுக்கும் சட்டம் இருக்கா?”

“இல்ல. அது என் சந்தேகம், அவ்வளவுதான். மதினி கல்யாணமாகி உங்க வீட்டுக்கு வந்தாங்க, இல்லையா?”

“வராம? பொண்ணுன்னா மாப்பிள்ளை வீட்டுக்குத்தானே வரணும்?”

மருதப்பனும் தன்னையறியாமல் தலையாட்டினான். அவன் அக்காமார் மூவரும் அப்படித்தான் போனார்கள்.

“காயல்பட்டணத்துல வரமாட்டாங்க,” என்றார் நெய்னா முகம்மது. “அங்க பொண்ணு பிறந்த வீட்டுலதான் இருக்கும். மாப்பிள்ளைதான் அங்க போகணும். வீடு மகளுக்கு. நான் அந்த ஊர் மாப்பிள்ளை. பதினெட்டு வருஷமாச்சு, இன்னும் எப்பப் போனாலும் எனக்கு அங்க விருந்தாளித் தட்டுதான். உங்க மதினி உங்க வீட்டுக் கிணத்தடிக்கு வந்திருக்கவே முடியாது. தர்காவுல காதுல விழுந்தது பேரும் ஊரும் மட்டும். மிச்சக் கதையை உங்க ஊர் வழக்கத்தை வச்சுக் கட்டிட்டீங்க.”

அதையே அவர் ஆங்கிலத்திலும் சொன்னார். துரை மனுவை ஓரமாக வைத்தார். ஜலாலுதீன் வாசலைப் பார்த்தார். அங்கே மருதப்பன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அவன் பின்னால் ஆறடிச் சீக்கியச் சேவகர் நின்றதால் அந்த நெஞ்சுக்கு மதிப்பிருந்தது.

பாதுகாவலர் அனுமதியில்லாமல் அஸ்மத்தை யாரும் கப்பலேற்றக் கூடாது, அவள் ஆமினா பீவியின் பொறுப்பில் இருப்பாள் என்று ஒரு காகிதம் எழுதி முத்திரை வைத்தார்கள். மருதப்பன் அதைப் பெருமையோடு நீட்டினான். வாங்க யாரும் கை நீட்டவில்லை.

“எங்க உம்மா பேரு இதுதான்னு நேத்துதான் தெரிஞ்சுது,” என்றாள் அஸ்மத். “அதுவும் அந்தாள் வாயால.”

“சொன்னா நீ தேடிப் போயிருவியோன்னு...” என்றார் ஆமினா பீவி.

அஸ்மத் நெய்னா முகம்மதுவிடம் திரும்பினாள். “அப்ப வீடுன்னு ஒண்ணு இல்லையா?”

“இருக்கலாம். இருந்தா அது உன் உம்மாவோடது. அவங்களுக்கு அப்புறம் உனக்கு. அந்த ஊர்ப் பொண்ணுங்க அடுத்த தெருவுக்கே குடி போகமாட்டாங்க. உங்க உம்மா கடலையே தாண்டி வந்திருக்காங்க. எவ்வளவு தேடியிருந்தா வந்திருப்பாங்க.” பிறகு மேசையில் ஒரு தாளை எடுத்துப் போட்டார். “காயல்பட்டணத்துல என் வீட்டுக்காரியை விசாரிக்கச் சொல்லி எழுதுறேன்.”

சம்சுன்னிசாவின் வீடு எந்தத் தெரு என்ற கேள்வி முதல் வரியிலேயே முடிந்துவிட்டது. ஆனால் ஆறு வருஷமாக ஊர்ப் பக்கம் போகாத மனிதர் நான்கு தாள்கள் எழுதினார். அடுத்தவர் கடிதத்தை எட்டிப் பார்ப்பதில் கூச்சமில்லாத மருதப்பன்கூட இரண்டாம் தாளில் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

வெளியே பெஞ்சில் ஆமினா பீவியும் அஸ்மத்தும் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

“உன் உம்மா உசரமா இருப்பா,” என்று ஆமினா பீவி தரையைப் பார்த்தபடி தொடங்கினார். “காய்ச்சல்லயும் உனக்குத் தலை வாரி விட்டா. சிரிக்கும்போது கையால வாயை மூடிக்குவா.”

அஸ்மத் அந்த ஒரு முழத்தை நகர்ந்து வந்தாள்.

“அப்புறம்?” என்றாள்.