ஓட்டுநர் மாறும் இடம்

சீட்டின் முதுகுப் பக்கம் ஈரமாக இருந்தது.

அவள் கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். தண்ணீர் இல்லை, எண்ணெயும் இல்லை. வெயிலில் உழைத்தவன் கழற்றி எறிந்த சட்டையின் வாடை. மழை பெய்து வாரக்கணக்காகிறது. பட்டறையின் தகரக் கூரை சூட்டில் விரிந்து டக் டக்கென்று தெறித்துக்கொண்டிருந்தது. லாரியிலிருந்து இறக்கிய நாள் முதல் அந்தக் காரில் யாரும் உட்காரவில்லை.

"அண்ணே, இதுல யாராவது உட்கார்ந்தீங்களா?"

எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்த அண்ணன் நிமிரவில்லை. "ஆமா, நேத்து நானும் உங்க அண்ணியும் சினிமாவுக்குப் போயிட்டு வந்தோம். வேலையைப் பாருடி ஊசி."

பழைய கார்களுக்கு சீட் தைப்பது அவள் தொழில். ஊசி என்று அண்ணன் வைத்த பெயர் அதற்காக மட்டுமல்ல, அவள் வாய்க்கும் சேர்த்துத்தான்.

கார் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. நீண்ட மூக்கு, உருண்டை விளக்குகள், தலையில் இடிக்கும் கூரை, ஜன்னலுக்குப் பதில் கீறல் விழுந்த கெட்டி பிளாஸ்டிக். ஒரு பகலும் ஒரு இரவும் நிற்காமல் ஓடும் பந்தயத்துக்காகவே செய்த கார். அதில் ஜெயித்த கார் என்பதால்தான் பல் டாக்டர் ஒருவர் அதைத் தேடிப் பிடித்து வாங்கி, பழுது பார்க்க இங்கே விட்டிருந்தார்.

அவள் தையலை பிளேடால் அறுத்தாள். பழுப்புத் தோல் பிரிந்து வந்தது. அடியில் பஞ்சு இருக்கும் என்று கையை விட்டாள். இன்னொரு தோல் தட்டுப்பட்டது. நீலம். அதை உரித்தால் சிவப்பு. அதற்கும் அடியில், கார் பிறந்தபோதே தைத்த கறுப்பு. சோம்பேறிப் பயல்கள், பழையதைப் பிரிக்காமல் மேலேயே தைத்திருக்கிறார்கள் என்று முதலில் திட்டினாள். பிறகு நான்கையும் மேஜையில் விரித்துப் போட்டாள். ஒவ்வொன்றிலும் கதவுப் பக்கத்து விளிம்பில் நகத்தால் பிறாண்டிய கோடுகள் இருந்தன. ஆழமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, எழுந்து வெளியே போக முயன்றவன் பிறாண்டியதுபோல. ஒவ்வொன்றின் நடுவிலும் காய்ந்த ரத்தம். சிவப்புத் தோலின் மடிப்பில் ஒரு கட்டைவிரல் நகம் முழுசாகச் செருகி நின்றது.

பழையதைப் பிரிக்காதது சோம்பலால் அல்ல. பார்க்கப் பயந்திருக்கிறார்கள்.

மாலையில் பல் டாக்டர் வந்தார். பளிச்சென்ற பற்களும் கூச்சமில்லாத சிரிப்புமாக, கார் பக்கம் வந்தாலே பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையாகிவிடும் மனிதர்.

"உங்களுக்கு முன்னாடி இது யார்யார்கிட்ட இருந்துச்சு டாக்டர்?"

"பந்தயக் கம்பெனியை விட்டுட்டா மூணு பேரு. ஒரு வக்கீல், ஒரு சினிமாக்காரர், அப்புறம் ஒரு கான்ட்ராக்டர்."

"எதுக்கு வித்தாங்க?"

"அவங்க எங்க வித்தாங்க? அவங்க போனப்புறம் வீட்டுக்காரங்கதான் வித்தாங்க." அவர் சிரித்தார். "என்னம்மா அப்படிப் பார்க்கிற? எனக்கு இன்னும் ஒரு பல்லுகூட ஆடல."

அந்தப் பந்தயத்தில் டயர் மாற்றியவர் ஒருவர் இன்னும் உயிரோடு இருந்தார். காரோடு நிற்க வைத்துப் படம் எடுக்கலாமென்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்ததால் மறுநாள் மதியம் வந்தார். ஆனால் பட்டறை வாசலைத் தாண்டவில்லை. அவள் நாற்காலியை வெளியே கொண்டுபோய்ப் போட்டாள். அவர் காருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு பேசினார்.

"ரெண்டு பேரு மாத்தி மாத்தி ஓட்டணும்மா. இருட்டினதும் ஒருத்தன் ஏறினான். விடியும்போது எங்க முன்னாடி நிறுத்தி, மாத்து ஆளுக்கு விடணும். நிறுத்தச் சொல்லிப் பலகை காட்டினோம். நிக்கல. திரும்பக் காட்டினோம், நிக்கல. எங்களைத் தாண்டும்போதெல்லாம் வாயைத் திறந்து திறந்து மூடினான். தூக்கம் வராம இருக்கப் பாடுறான் போலன்னு நாங்க சிரிச்சோம்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாத்து ஆளுக்குக் கோபம். குறுக்க போய் நின்னான். அவனை வாரி எடுத்தது நான்தான். வாரித்தான் எடுத்தேன், தூக்க முடியல. கார் அப்பவும் நிக்கல. ஜெயிச்சு, கொடி ஆட்டினப்புறம் தானா வந்து நின்னுச்சு. கதவைத் திறந்தா, உள்ள இருந்தவன் விறைச்சுக் கிடக்கான். ராத்திரியே செத்துட்டான்னு அங்க இருந்த ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாரு."

"அப்போ ஓட்டினது?"

"அதுக்கு உள்ள ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். உயிரோட இருக்கானா இல்லையான்னெல்லாம் அது பார்க்காது." அவர் எழுந்துவிட்டார். "உங்க டாக்டர்கிட்ட சொல்லிப் பார்த்தேன். படத்துக்குச் சிரிங்கன்னு சொன்னாரு."

அன்று மாலை அவள் நான்கு தோல்களையும் பட்டறைக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினாள். பன்றி மயிர் கருகுவதுபோல நாற்றம் தெருமுனை வரை போனது. புதுப் பஞ்சு, புதுத் தோல். ஊசி குத்திய இடமெல்லாம் உலர்ந்தே இருந்தது. முடிந்துவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அண்ணனிடம் போய் நின்றாள்.

"வேண்டாண்ணே. பந்தயத் திடல்ல அவரே ஓட்டிப் பார்த்துக்கட்டும், நாம கூடப் போக வேண்டாம்."

அப்பா அம்மா போனபின் அவளை வளர்த்தவன் அவன். அவள் பயந்தால் அவனுக்குச் சிரிப்பு வராது. கையைத் துடைத்துக்கொண்டு அவளைக் கூட்டிப்போய்க் காட்டினான். காரின் பின் தூணில், வெளிப்பக்கம், சிவப்பாக ஒரு சுவிட்ச்.

"இதைத் தட்டினா எஞ்சினுக்குக் கரண்டே போகாது. பெட்ரோலும் நாலு சுத்துக்குத்தான் ஊத்துவேன். பேயே ஓட்டினாலும் பெட்ரோல் வேணும்டி. சரியா?"

சரி என்றாள்.

பந்தயத் திடல் ஊருக்கு வெளியே காலியாகக் கிடந்தது. மேகம் மூடிய பிற்பகல். பார்வையாளர் படிக்கட்டுகளில் புல் முளைத்திருந்தது. எங்கோ ஒரு தகரப் பலகை காற்றில் முனகியது. ரப்பரும் புழுதியும் கலந்த வாடை. டாக்டரின் தோளில் வார்ப்பட்டையை அவள்தான் மாட்டினாள். அவர் நெஞ்சு படபடப்பது விரல்களுக்குத் தெரிந்தது. சந்தோஷப் படபடப்பு.

"சீட்டு அருமை, ஊசிம்மா," என்றார்.

முதல் சுற்றில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இரண்டாவதில் கையசைத்தார். மூன்றாவதில் சத்தம் ஏறியது. படிக்கட்டுகளில் மோதித் திரும்பி, அவள் பல் வேர்களில் வந்து அதிர்ந்தது. அண்ணன் போதும் என்று பலகை காட்டினான். கார் தாண்டிப் போனது.

அடுத்த சுற்றிலும் நிற்கவில்லை. டாக்டரின் வாய் திறந்து திறந்து மூடியது.

பாடவில்லை. அவளுக்குத் தெரியும்.

"பெட்ரோல் தீர்ந்திருக்கணுமே," என்றான் அண்ணன். மறுபடியும் அதையே சொன்னான்.

மறுசுற்று. பிளாஸ்டிக் ஜன்னலில் டாக்டரின் நெற்றி மோதியது. மோதிக்கொண்டே இருந்தது. அதற்கடுத்த சுற்றில் ஜன்னல் உள்ளிருந்து சிவப்பாக இருந்தது, முகம் தெரியவில்லை.

அண்ணன் பட்டறை வேனை நோக்கி ஓடினான். அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். கிழிந்து கையோடு வந்தது.

"குறுக்க நிக்க மாட்டேன்டி! பக்கத்துல போய் சுவிட்சைத் தட்டிட்டு வந்துடறேன்!"

"அண்ணே!"

வேன் திடலில் ஏறி வேகம் பிடித்தது. கார் பின்னால் வந்தது. ஒரு கணம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. அண்ணன் ஜன்னலுக்கு வெளியே இடுப்பு வரை சாய்ந்து கை நீட்டியதை அவள் பார்த்தாள். விரல் சிவப்புச் சுவிட்சைத் தொட்டது. அழுத்தியது.

எஞ்சின் நிற்கவில்லை.

கார் பக்கவாட்டில் திரும்பியது. நிதானமாக, மாடு உடம்பைச் சொறிந்துகொள்வதுபோல, வேனோடு உரசியது. நடுவில் அண்ணன். அவன் அலறல் பாதியில் நின்றது. வேன் சுவரில் ஏறியது. புரண்டது. மறுபடி புரண்டது, கிளம்பிய புழுதி எல்லாவற்றையும் மறைத்தது.

அவள் ஓடினாள். காலில் கண்ணாடி குத்தியது. ஓடினாள். வேன் தலைகீழாகக் கிடந்து சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பெட்ரோல் வாடை. இரும்பு வாடை. ஓட்டுநர் இடத்தில் யாரும் இல்லை. அங்கிருந்து அகலமான ரத்தத் தடம் ஒன்று இழுபட்டுப் பாதைக்குப் போனது. நடுப்பாதையில் நின்றது. அதற்குமேல் எதுவும் இல்லை. டயர் தேய்ந்த கறுப்பு மட்டும்.

"அண்ணே?"

புல்லில் ஏதோ கிடந்தது. ஓடிப்போய்ப் புரட்டினாள். டாக்டர். நெற்றி இருந்த இடம் குழியாக இருந்தது. கண்கள் திறந்திருந்தன. பிடித்துத் தூக்கலாமென்று அவர் கையைத் தேடினாள். சட்டைக் கையைப் பிடித்தாள். அது காலியாக மடங்கியது. இரண்டு கைகளும் மணிக்கட்டோடு முடிந்திருந்தன. வெட்டியதுபோல இல்லை. பிய்த்ததுபோல.

தூரத்து வளைவில் சத்தம் கேட்டது.

அவள் எழுந்து நின்றாள். ஓட வேண்டும் என்று தெரிந்தது. அண்ணனைக் காணாமல் எப்படி ஓடுவது?

உருண்டை விளக்குகள் எரிந்தன. கார் வந்தது. அவளைக் கண்டதும் மெதுவானது. ஆள் நடக்கும் வேகத்தில், முன்கண்ணாடி முழுக்க அவளுக்குத் தெரியும்படி, எதிரே வந்தது.

சீட்டில் அண்ணன் இருந்தான். அவள் தைத்த சீட்டில், நிமிர்ந்து. தலை ஒரு தோளில் விழுந்து, இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கீழ்த்தாடை இல்லை. மிஞ்சியிருந்த ஒரு கண் அவளைப் பார்த்தது. பார்த்து, சிமிட்டியது.

ஸ்டியரிங்கை நான்கு கைகள் பிடித்திருந்தன.